எம்சி எடுத்தால் அலவன்ஸ் போகும் நிலை மாற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் நான், காய்ச்சலோடும் வலியோடும் வேலைக்கு வருவோர் ஏன் கிளினிக் பக்கம் போவதில்லை என்பதைச் சம்பளச் சீட்டுகளிலேயே பார்த்து வருகிறேன்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். 2023 ஜனவரி முதல், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான 60 நாள் இதில் சேராமல் தனியாகக் கணக்கிடப்படுகிறது. குறை சொல்ல முடியாத உரிமைதான். ஆனால் பல தொழிற்சாலைகளில் மாத வருகைக்கென ஓர் அலவன்ஸ் உண்டு. மாதத்தில் ஒரே ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவர் தரும் விடுப்புச் சான்று, எடுத்தாலும் அது முழுவதுமாக வெட்டப்படும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் ஊதியம் ஏறக்குறைய 65 ரிங்கிட். அலவன்ஸ் 100 ரிங்கிட் என்றால், ஊதியத்துடன் எடுத்த ஒரு நாள் மருத்துவ விடுப்புக்காகத் தொழிலாளி இழப்பது ஒன்றரை நாள் ஊதியம். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்க ஒரு ரிங்கிட் போதும் என்கிற நாட்டில், சிகிச்சைக்குத் தடையாக நிற்பது இந்த நூறு ரிங்கிட்தான்.

இதன் விளைவு சிறியதன்று. டிங்கிக் காய்ச்சலில் ஆபத்து கூடுவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணியும் கட்டத்தில். மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டை ஓட்டியவர், உடம்புச் சூடு இறங்கியதும் தேறிவிட்டதாக நம்பி ஓவர்டைமுக்கும் நின்றுவிடுகிறார். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிய நாள் அதுவென்று அவருக்கு யார் சொல்வது?

நீண்டகால நோயாளிகளின் பாடு இன்னும் கடினம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதாகக் காட்டியது. இவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கவும் மருந்து எடுக்கவும் கிளினிக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குக் கிடைப்பதோ பெரும்பாலும் கிளினிக்கில் இருந்த நேரத்தை மட்டும் காட்டும் டைம் ஸ்லிப். அது எம்சி ஆகாது என்பதால் ஆண்டு விடுப்பில் கை வைக்கிறார்கள். பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டு நிறையாதவருக்குச் சட்டம் உறுதி செய்யும் ஆண்டு விடுப்பு எட்டே நாள். தீபாவளிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கும் அதையே நம்பியிருப்பவர், அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார். அப்படித் தள்ளிப்போட்டுப் பின்னாளில் காலில் ஆறாத புண்ணோடு நீண்ட விடுப்பில் போனவர்களின் கணக்கையும் நான் முடித்திருக்கிறேன். அது மனத்தை விட்டு அகலாத வேலை.

ஒருவர் வராவிட்டால் உற்பத்தி வரிசையே தடுமாறும் என்றும், பொய்யாக எம்சி எடுப்போரும் உண்டு என்றும் நிர்வாகங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பொய் சொல்பவர்மீது தனியாக நடவடிக்கை எடுக்கலாம். அதற்காக உண்மையான நோயாளிகள் எல்லாரிடமும் அபராதம் வாங்குவது நியாயமன்று.

பதிவு பெற்ற மருத்துவர் தந்த எம்சிக்காக வருகை அலவன்ஸை வெட்டக்கூடாது என்பதை மனிதவள அமைச்சு சட்டத்திலேயே சேர்க்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதையும், தொடர் சிகிச்சைக்கான டைம் ஸ்லிப் நேரத்துக்கு ஊதியம் தருவதையும் முன்வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு ஊழியரான வாசகி,
பாயான் பாரு, பினாங்கு.