நிரல் ஓடாதபோது என்ன செய்வது என்பதையும் கற்பியுங்கள்: பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கும், அப்பாடத்தின் பாடநூலையும் செய்முறைப் பயிற்சிகளையும் வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு வரும் மாணவர், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்ற நிரல்மொழியைத் தொடங்கி, ஒரே கல்வியாண்டுக்குள் மாறிகள், மடக்குகள், சரங்கள், இனக்குழுக்கள், சிஎஸ்வி கோப்புகள் (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்புகள்), எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) என்று கடந்து வரைபடம் வரைவது வரை வந்து சேர வேண்டியிருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்ட இப்பாடத்தை, பழைய கணினிகளையும் குறைந்த ஆய்வக நேரத்தையும் வைத்துக்கொண்டு நீங்கள் நடத்தி முடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். மாலை நேரங்களில் இம்மாணவர்களின் பைத்தான் சந்தேகங்களுக்கு உதவி வருபவன் என்ற முறையில் என் வேண்டுகோள் ஒன்றுதான்: நிரல் எழுதக் கற்பிப்பதோடு, எழுதிய நிரல் ஓடாதபோது பிழைச் செய்தியைப் படிக்கவும், அதன் பிறகும் விளங்காவிட்டால் பிறரிடம் தெளிவாக உதவி கேட்கவும் கற்பியுங்கள், அதற்கென்று ஆய்வகத்தில் நேரமும் மதிப்பீட்டில் இடமும் ஒதுக்குங்கள்.

உதவி கேட்டு வரும் மாணவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "அண்ணா, புரோகிராம் ரன் ஆகல" என்பதாகவே இருக்கிறது. எந்த நிரல், எந்த வரி, என்ன கொடுத்தார், என்ன வந்தது என்ற எதுவும் அதில் இருப்பதில்லை. கூடவே கணினித் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவார்கள். நிரலின் பாதி அதில் இருக்கும், பிழைச் செய்தி இருக்க வேண்டிய கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். சிவப்பு எழுத்தில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டால், "ஏதோ எரர்னு வந்துச்சு, மூடிட்டேன்" என்பார்கள்.

இதைச் சோம்பல் என்று நான் கருதவில்லை. பத்தாண்டுக்கு மேலாக விடைத்தாளில் சிவப்பு மை கண்ட இடமெல்லாம் மதிப்பெண் குறைந்த இடமாகவே பார்த்துப் பழகிய பிள்ளை, திரையில் சிவப்பு எழுத்து வந்ததும் தான் தோற்றுவிட்டதாக நினைத்துச் சாளரத்தை மூடுவது இயல்பு. தமிழ்வழியில் படித்தவருக்கு, அந்தச் செய்தி ஆங்கிலத்தில் இருப்பது இன்னொரு சுவர். ஆனால் உண்மையில், ஆய்வகத்தில் நாற்பது பேருக்கு நடுவே நீங்கள் அவர் பக்கம் வந்து சேர்வதற்கு முன்பே அவருக்குக் கிடைத்துவிடும் முதல் உதவி அந்தச் செய்திதான். கோப்பின் பெயர், வரி எண், தவறின் வகை, அதற்கான காரணம் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பதை, அதாவது கடைசி வரியில் தவறின் வகையும் காரணமும், அதற்கு மேலே அது நிகழ்ந்த வரியும், இன்னும் மேலே அந்த வரிக்கு நிரல் எந்தச் செயற்கூறுகளின் (ஒரு வேலைக்கெனப் பெயரிட்ட நிரல் பகுதிகளின்) வழியாக வந்தது என்ற தடமும் இருக்கும் என்பதை ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்ட மாணவர்கள் என்னிடம் வருவது பாதியாகக் குறைந்துவிடுகிறது. வருபவர்களும் நல்ல கேள்விகளோடு வருகிறார்கள்.

மாணவர்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் ஓர் இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு பாடங்களின் மதிப்பெண்ணை வாங்கிக் கூட்டும் நிரல் அது. மாணவர் 45 என்றும் 50 என்றும் தட்டச்சு செய்கிறார். விடை 95 என்று வராமல் 4550 என்று வருகிறது. இங்கே பிழைச் செய்தியே கிடையாது, சிவப்பு எழுத்தும் இல்லை. பைத்தானில் இன்புட் செயற்கூறு எதை வாங்கினாலும் அதை எண்ணாகக் கொள்ளாமல் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துகளின் தொடராகவே, திருப்பித் தரும்; இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் அவற்றை ஒட்டிவிடும். அதே மாணவர் அடுத்த வரியில் சராசரி காண 2ஆல் வகுத்தால், அப்போதுதான் டைப் எரர் வருகிறது: சரத்தை எண்ணால் வகுக்க முடியாது என்கிறது. தவறு நடந்தது உள்ளீட்டை வாங்கிய வரியில்; செய்தி சுட்டுவதோ வகுத்தல் வரியை. இந்த நிலையில் என்னிடம் வருபவர் "வகுத்தல் வேலை செய்யல" என்கிறார். "45, 50 கொடுத்தேன், 95 வரும் என்று நினைத்தேன், 4550 வந்தது" என்று சொல்லத் தெரிந்திருந்தால், சொல்லும்போதே அவருக்குப் பாதி விடை கிடைத்திருக்கும், ஏனென்றால் 4550 என்ற எண்ணை வாய்விட்டுச் சொல்பவர் அது 45உம் 50உம் ஒட்டியது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. எதைக் கொடுத்தேன், எதை எதிர்பார்த்தேன், எது வந்தது என்ற இந்த மூன்றையும் சொல்லும் பழக்கத்தை நீங்கள் ஆய்வகத்தில் கட்டாயமாக்கினால், என்னைப் போன்றவர்களின் உதவியே பெரும்பாலும் தேவைப்படாது.

இன்னொரு சிக்கல் மாணவரின் கையில் இல்லை. ஆய்வகக் கணினியின் வயதில் இருக்கிறது. உள்ளீட்டை முழு எண்ணாக மாற்றும் வரியில் இரண்டு அடைப்புக்குறிகளை மூட வேண்டும். புதியவர்கள் ஒன்றை மட்டும் மூடிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். பைத்தானின் பழைய 3.8 பதிப்பில் இந்த நிரலை ஓட்டினால், குற்றமற்ற அடுத்த வரியைச் சுட்டிக்காட்டி, தொடரியல் தவறு (மொழியின் எழுத்து விதியை மீறிய தவறு) என்று மட்டும் சொல்லும். மாணவர் அந்த வரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பார், அழித்துவிட்டு மீண்டும் எழுதுவார், அதே செய்தி மீண்டும் வரும். 2021 அக்டோபரில் வெளிவந்த 3.10 பதிப்பிலிருந்து, திறந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று உரிய வரியைக் காட்டியே சொல்கிறது. மாறியின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தால், இந்தப் பெயரைத்தான் கருதினீர்களா என்று அதே பதிப்பு கேட்கிறது; மதிப்பெண் 35 தானா என்று சோதிக்கும் இடத்தில் இரண்டு சமக்குறிகளுக்குப் பதில் ஒன்றைப் போட்டுவிட்டால் அதையும் யூகித்துச் சொல்கிறது. 2022இல் வந்த 3.11, வரிக்குள் எந்தப் பகுதியில் தவறு என்பதை அடிக்கோடிட்டே காட்டுகிறது. ஆனால் விண்டோஸ் 7 உள்ள கணினியில் 3.8க்கு மேற்பட்ட பதிப்பை நிறுவ முடியாது. 2020இல் வந்த 3.9 பதிப்பே அதை ஏற்பதில்லை. ஆகவே இயங்குதளத்தைப் புதுப்பிக்க முடிந்த கணினிகளிலாவது புதிய பைத்தானை நிறுவும்படி பள்ளி நிர்வாகத்திடம் நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். முடியாத இடங்களில், "செய்தி சுட்டும் வரியில் தவறு தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியில் அடைப்புக்குறியை எண்ணிப் பார்" என்ற ஒரு வரியைக் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வைத்தாலே பெரிய உதவி.

வாட்ஸ்ஆப் வழியாக நிரலைப் பரிமாறிக்கொள்வதால் வரும் இடர்களும் கவனிக்கத்தக்கவை. சொற்செயலியில் தட்டச்சு செய்து அனுப்பிய நிரலில் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பைத்தானுக்கு அது அறியாத எழுத்து. வாட்ஸ்ஆப்பில் இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே வரும் சொல் தடிமனாகி, குறிகள் மறைந்துவிடுவதால், பெருக்கல் குறிகள் காணாமல் போவதும் உண்டு. பைத்தானில் உள்தள்ளல் அழகுக்காக இடப்படுவது இல்லை, நிரலின் பொருளையே அது தீர்மானிக்கிறது. வரியின் தொடக்கத்திலுள்ள இடைவெளி போய்விட்டால் மடக்குக்குள் (திரும்பத் திரும்ப இயங்கும் பகுதிக்குள்) இருந்த கட்டளை வெளியே வந்துவிடும். எனவே நிரலைக் கோப்பாகவே அனுப்பு, பிழைச் செய்தியை முழுமையாக நகலெடுத்து ஒட்டு, படம்தான் எடுக்க வேண்டும் என்றால் கடைசி வரி தெரியும்படி எடு என்று சொல்லிக் கொடுப்பது சிறிய காரியமாகத் தோன்றினாலும், உதவி செய்பவரின் நேரத்தையும் உதவி பெறுபவரின் நம்பிக்கையையும் காப்பது அதுதான்.

தற்செயல் எண்களை எடுத்துத் தரும் ரேண்டம் தொகுதியைப் பழகும் மாணவர் தன் கோப்புக்கும் அதே பெயரை வைத்துவிட்டு, எண் எடுக்கும் செயற்கூறே இல்லை என்று செய்தி வருவதைக் கண்டு திகைப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். மூலத் தொகுதிக்குப் பதிலாகத் தன் கோப்பையே பைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பதை யாராவது சொன்னால் ஒழிய ஒரு புதியவரால் கண்டுபிடிக்க இயலாது. 2024இல் வந்த 3.13 பதிப்பு கோப்பின் பெயரை மாற்றச் சொல்லித் தானே அறிவுறுத்துகிறது. இப்படிப்பட்டவற்றில் மாணவரைத் தேடவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. உடனே சொல்லிவிட வேண்டும். தானாகக் கண்டுபிடிக்கக்கூடியது எது, சொல்லித்தான் தெரியும் என்பது எது என்று பிரித்தறிவது உதவி செய்பவரின் பொறுப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நேரம் குறைவு என்பதால், மாணவரின் விசைப்பலகையை நாமே வாங்கி, இரண்டு எழுத்தைத் திருத்தி, நிரலை ஓடவைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறோம். மாணவர் நன்றி சொல்கிறார், விடையைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார், என்ன மாறியது என்று அவருக்குத் தெரியாது. செய்முறைத் தேர்வுக்கு வரக்கூடிய நிரல்களை மனப்பாடம் செய்து, வரி பிசகாமல் தட்டச்சு செய்யும் பழக்கம் இதிலிருந்தே வளர்கிறது. ஒரு காற்புள்ளி தவறினால் அந்த மாணவர் தேர்வறையில் செயலிழந்து உட்கார்ந்திருப்பார். இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கின்றன: நிரலை ஒட்டினால் திருத்திய நிரல் வந்துவிடுகிறது. அவற்றைத் தடை செய்யச் சொல்லவில்லை. தமிழில் கேட்டால் தமிழில் விளக்கும் என்பதால், பிழைச் செய்தியின் பொருளை அறிய அவை தமிழ்வழி மாணவருக்கு உண்மையிலேயே பயன்படும். "திருத்திக் கொடு" என்று கேட்காமல், "இந்தச் செய்தி என்ன சொல்கிறது, எந்த வரியைப் பார்க்க வேண்டும்" என்று கேட்கப் பழக்கினால் போதும். விளக்கம் தவறாக இருக்கவும் கூடும் என்பதால், நிரலை ஓட்டிச் சரிபார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாடநூல் குழுவினரிடம் குறிப்பாகக் கேட்பது இது. செய்முறைப் பயிற்சிகளில் சிலவற்றையாவது வேண்டுமென்றே பிழை வைத்த நிரல்களாகக் கொடுங்கள். மாணவர் அதை ஓட்டி, வரும் செய்தியைப் பதிவேட்டில் எழுதி, அதன் பொருளைத் தமிழில் எழுதி, திருத்தி, மீண்டும் ஓட்டிக் காட்டட்டும். நேம் எரர், டைப் எரர், வேல்யூ எரர், இன்டெக்ஸ் எரர், கீ எரர், இன்டென்டேஷன் எரர் போன்ற, புதியவர்களுக்கு வழக்கமாக வரும் பிழை வகைகளுக்குத் தமிழ் விளக்கமும் ஒரு சிறு எடுத்துக்காட்டும் கொண்ட ஒரு பக்க அட்டவணையை, ஆய்வகச் சுவரில் ஒட்டும்படி அச்சிட்டுத் தாருங்கள். செய்முறை மதிப்பெண்ணில் ஒரு சிறு பகுதி, விடை சரியாக வந்ததற்காக அல்லாமல், வந்த பிழையை மாணவர் எப்படிக் கண்டறிந்தார் என்பதற்காக வழங்கப்படட்டும். மதிப்பெண் இல்லாத எதற்கும் பன்னிரண்டாம் வகுப்பில் நேரம் கிடைக்காது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

ஆசிரியர்களிடம் கேட்பது இதைவிட எளிது. அரசாணைக்கோ புதிய பாடநூலுக்கோ காத்திராமல், வரும் ஜூன் மாதம் பைத்தான் பாடம் தொடங்கும் முதல் ஆய்வக வகுப்பில், ஓடும் நிரலுக்கு முன்பாக ஓடாத நிரல் ஒன்றைத் திரையில் காட்டுங்கள். நீங்களே எழுதிய நிரலில் பிழை வந்தால் அதை மறைக்காமல், கடைசி வரியிலிருந்து வாய்விட்டுப் படித்து, மாணவர்கள் முன்னிலையிலேயே திருத்துங்கள். சந்தேகம் கேட்பவர் தமிழில் கேட்டாலும், பாதி ஆங்கிலத்தில் கேட்டாலும், கொடுத்தது, எதிர்பார்த்தது, வந்தது என்ற அந்த மூன்று செய்திகளும் இருந்தால் அது நல்ல கேள்வி என்று வகுப்பறிய ஒருமுறை சொல்லுங்கள். பிழை வைத்த பயிற்சி நிரல்கள் சிலவற்றை, தமிழ் விளக்கத்துடன், அத்தியாய வரிசைப்படி நான் தொகுத்து வருகிறேன், 3.8 பதிப்பில் வரும் செய்தியும் புதிய பதிப்பில் வரும் செய்தியும் அருகருகே இருக்கும்படி அமைத்திருக்கிறேன். விரும்பும் எந்தப் பள்ளிக்கும் அதை விலையின்றித் தருவேன். அழைத்தால் ஆய்வகத்துக்கு வந்து உடன் நின்று நடத்தித் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் உதவி வரும் நிரலர் ஒருவர்