நிபுணர் கருத்துக்கும் பொறுப்பு உண்டு: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நுகர்வோர் ஆணையங்களில் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சிகிச்சையில் தவறிய மருத்துவர் மீது தங்களிடம் புகார் அளிக்கலாம் என்பது மக்களுக்குத் தெரியும். அந்தத் தவறை மறைத்தோ, இல்லாத தவறை இருப்பதாகக் காட்டியோ நிபுணர் கருத்து எழுதித் தருபவரும் தங்கள் விசாரணைக்கு உட்பட்டவரே என்பதைத் தாங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கவனக்குறைவுக் குற்றச்சாட்டில் ஒரு மருத்துவர் மீது குற்றவியல் நடவடிக்கை எடுப்பதற்கு முன், அத்துறையில் தகுதி பெற்ற, இயன்றவரை அரசுப் பணியில் உள்ள மருத்துவரிடம் விசாரணை அதிகாரி நடுநிலையான கருத்தைப் பெற வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆதாரமற்ற புகார்களிலிருந்து மருத்துவர்களைக் காக்கும் அவசியமான ஏற்பாடு அது. ஆனால், அப்படிக் கிடைக்கும் அறிக்கைகளில் சில, "சிகிச்சையில் குறைபாடு ஏதும் காணப்படவில்லை" என்ற ஒற்றை வரியோடும் கையொப்பம், முத்திரையோடும் முடிந்துவிடுகின்றன. கேஸ் ஷீட் முழுவதையும் படித்தாரா, மயக்க மருந்துக் குறிப்பில் ஒரு மணி நேரத்துக்கு ரத்த அழுத்தப் பதிவே இல்லாததைக் கவனித்தாரா, எந்தச் சிகிச்சை நெறிமுறையோடு ஒப்பிட்டு இம்முடிவுக்கு வந்தார் என்பதற்கெல்லாம் அதில் விடை இராது. நிபுணர் தம் முடிவுக்கான காரணங்களையும் ஆதாரங்களையும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று ரமேஷ் சந்திர அகர்வால் வழக்கில் 2009இலேயே உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. இருந்தும், உறவை இழந்த குடும்பம்தான் அந்த ஒற்றை வரியை மறுக்க இன்னொரு மருத்துவரைத் தேடி அலைகிறது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நீதிமன்றப் பயன்பாட்டுக்காக மருத்துவர் கையொப்பமிட்டு அளிக்கும் அறிக்கை பொய்யானதாகவோ, தவறான எண்ணத்தை ஏற்படுத்துவதாகவோ, முறையற்றதாகவோ இருப்பது நிரூபிக்கப்பட்டால், மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கலாம் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகளின் 7.7ஆம் பிரிவு கூறுகிறது.

அமெரிக்காவில், கழுத்துத் தண்டுவட அறுவை சிகிச்சை குறித்த வழக்கொன்றில் நோயாளி தரப்பில் முறையற்ற சாட்சியம் அளித்ததாக ஓர் உறுப்பினரை நரம்பியல் அறுவை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. அந்த நடவடிக்கை செல்லும் என்று 2001இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளிகளுக்காகச் சாட்சி சொல்பவர்கள் மட்டுமே தண்டிக்கப்படுகிறார்கள் என்பது அவ்வழக்கில் அந்த மருத்துவர் எழுப்பிய குறை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்தக் குறை அற்பமாகத் தோன்றவில்லை. சக மருத்துவருக்கு எதிராக வாய் திறப்பவரை மட்டும் குறிவைத்தால் இவ்விதி மிரட்டும் கருவியாகிவிடும். நம் ஊரில் அப்படி முன்வருபவர்களே மிகச் சிலர்.

ஆகவே, மாறுபட்ட மருத்துவக் கருத்தைக் கொண்டிருப்பது குற்றமாகாது என்பதைத் தெளிவுபடுத்தி, எந்தத் தரப்புக்காக எழுதப்பட்டாலும் ஒரே அளவுகோல் என்ற உறுதியோடு, தாங்கள் ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டும். பார்வையிட்ட ஆவணங்களின் பட்டியல், முடிவுக்கான காரணங்கள், சம்பந்தப்பட்ட மருத்துவருடனோ மருத்துவமனையுடனோ உள்ள தொடர்பு ஆகியவை இல்லாத அறிக்கையில் எவரும் கையொப்பமிடக் கூடாது. சாட்சிகளை அச்சுறுத்தப் பயன்படாதபடி, இவ்வகைப் புகார்களை மூல வழக்கு முடிந்த பின்னரே விசாரிக்கலாம். விசாரணை முடிவுகளைக் காரணங்களோடு தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நுகர்வோர் வழக்கறிஞர் ஒருவர்