பெயரில் ஓகாரம் இருந்தால் ஃபைலைக் காணாமல் அடிப்பீர்களா?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். நாங்கள் ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகம். உங்கள் கிளவுட் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டி, அலுவலகம் முழுக்க ஒரே ஃபோல்டரில் வேலை செய்கிறோம். பக்கம் கட்டுவது விண்டோஸில், அட்டையும் கடைசிச் சரிபார்ப்பும் ஒரு பழைய ஐமேக்கில். பென் டிரைவோடு இரண்டுக்கும் நடுவில் அலைய வேண்டாம், கூடவே பேக்கப்பும் ஆச்சு என்றுதான் உங்களிடம் வந்தோம்.

'மெய்ப்பு நோக்கியது' என்ற ஃபைலில் நூலாசிரியர் போட்ட திருத்தங்களை எல்லாம் ஏற்றி, சேமித்துவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் காலை விண்டோஸில் அதே பெயரில் இரண்டு ஃபைல்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். ஒரே ஃபோல்டருக்குள் இது எப்படி முடியும் என்று நாங்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே ஐமேக்கில் உங்கள் ஆப் ஒன்றின்மேல் இன்னொன்றை எழுதிவிட்டது, மிஞ்சியது திருத்தம் ஏறாத பழைய ஃபைல். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனைத் திறந்தால் 'சோழர் கோவில்', 'தொகுதி' என்று தொடங்கும் படங்கள் எதையும் காணவில்லை என்கிறது, ஆனால் 'முன்னுரை', 'அட்டை', 'படங்கள்' எல்லாம் வைத்தபடியே இருக்கின்றன.

காரணத்தை நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இது பொருந்தும். திரையில் வித்தியாசமே தெரியாது, இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. ஃபைல்களைச் சேமிக்க மேக்கில் 2017க்கு முன்பு இருந்த கோப்பு முறை பெயரை இப்படிப் பிரித்துத்தான் எழுதும், விண்டோஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். உங்கள் ஆப் எழுத்தைப் பார்க்காமல், உள்ளே சேமித்த எண்களை மட்டும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்து, பழைய ஃபைல் அழிந்தது, புதிதாக ஒன்று வந்தது என்று முடிவுகட்டுகிறது. சந்தேகம் இருந்தால் 'கல்' என்று ஒரு ஃபைல், 'கோல்' என்று ஒரு ஃபைல் உருவாக்கி இரண்டு கணினிக்கும் நடுவில் ஓடவிட்டுப் பாருங்கள். எங்களிடம் 'கல்' ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்து சேர்ந்தது, 'கோல்' இரண்டாக உடைந்தது.

இதைப் படம் பிடித்து அனுப்பியதற்கு உங்கள் ஆட்கள் தந்த பதில், ஃபைல் பெயரில் சிறப்புக் குறிகளைத் தவிர்க்கவும் என்பது. தமிழ் எழுத்து எங்களுக்குச் சிறப்புக் குறி இல்லை. நாங்கள் போடுவது தமிழ்ப் புத்தகம், எங்கள் ஃபைல்களுக்குத் தமிழில்தான் பெயர் இருக்கும். அந்தப் பதிலைப் படித்தபோது, ஃபைல் போனதைவிட அதிகமாக மனது வலித்தது.

இது தீர்க்க முடியாத சிக்கலும் இல்லை. பெயர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கிட் மென்பொருள் மேக்கில் இதே பிரச்சினைக்கு 2012லேயே வழி செய்துவிட்டது. பிரெஞ்சு, கொரியன் பெயர்களுக்கும் இதே சங்கடம் உண்டு என்பதால் உங்கள் பொறியாளர்கள் இதைக் கேள்விப்படாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அப்புறம், விலைப் பட்டியலில் 'பேக்கப்' என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓர் இடத்தில் நடந்த அழிவை மற்ற எல்லாக் கணினிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது சிங்க், பேக்கப் ஆகாது. 30 நாளில் குப்பைத்தொட்டி காலியாகிவிடும் என்ற விவரம் உதவிப் பக்கத்தின் அடியில் எங்கோ கிடக்கிறது. பணம் கட்டும் திரையிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வெளி ஹார்டு டிஸ்கில் முந்தைய நகல் இருந்ததால் புத்தகம் தப்பியது, ஆனால் நூலாசிரியர் ராத்திரி பகலாக உட்கார்ந்து போட்ட திருத்தங்கள் அதில் இல்லை. எழுபதைத் தாண்டியவரிடம் போய் மறுபடி பாருங்கள் ஐயா என்று கேட்க வேண்டி வந்தது.

எங்கள் கணக்கில் அழிந்ததாகக் குறிக்கப்பட்ட ஃபைல்களின் பழைய பதிப்புகள் உங்கள் சர்வரில் இன்னும் இருந்தால் உடனே மீட்டுக் கொடுங்கள், குப்பைத்தொட்டி காலியாகும் நாள் நெருங்குகிறது. இந்த ஆண்டுச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். ஆப்பைச் சரிசெய்யும்வரை மேக்கும் விண்டோஸும் சேர்த்துப் பயன்படுத்தும் தமிழ் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது என்று மின்னஞ்சல் அனுப்புங்கள், ஏனென்றால் பலருக்குத் தங்கள் ஃபைல் எப்படிப் போனது என்றே தெரிந்திருக்காது. இரண்டு வாரத்துக்குள் முறையான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்போம். சோதனைக்கு வேண்டிய ஃபைல்களையும் ஆப்பின் பதிவேட்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். தானாகப் போகும் பதில் வேண்டாம், தமிழ் தெரிந்த ஒரு பொறியாளரைப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்புப் பொறுப்பாளர்