எந்த மண் நீ?

கானவாகே (மோஹாக் பூர்வகுடி ஊர்)
மாண்ட்ரியல் அருகே, கனடா
அக்டோபர் 2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. என் கதையை உனக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பதில் வந்ததும் கோபித்துக்கொண்டு பேனாவைத் தொடாமல் இருந்துவிட்டேன். "நம்மவர்கள் எழுதும் எல்லாக் கதைகளிலும் ஒரு பாலம் விழும்; உன் கதையில் அது முதல் பக்கத்திலேயே விழுந்துவிட்டது" என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது சுருக்கென்றது. இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் சரிந்தபோது இறந்த 75 பேரில் 33 பேர் இந்த ஊர்க்காரர்கள் என்பதும், அவர்களுடைய கல்லறைகளில் இரும்பு உத்தரங்களால் செய்த சிலுவைகள் நிற்பதும் நம் வீடுகளில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். என் பூட்டனார் அந்த 33 பேரில் ஒருவர் என்பதற்காக அவரைக் கதையின் வாசலில் காவலுக்கு நிறுத்தியிருந்தேன். உள்ளே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. எடுத்துவிட்டேன்.

கதை அம்மாவைப் பற்றியது. நியூயார்க்கில், புரூக்ளினில் நம் தெருவில் உன் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் இருந்தவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; ஆனால், 1956இல் அப்பாவை மணந்ததும் அவளுக்கு ஒட்டாவாவில் உள்ள கனடா அரசிடமிருந்து ஒரு கடிதம் வந்ததை உன்னிடம்கூட அவள் காட்டியிருக்க மாட்டாள். அயர்லாந்துக்காரர் ஒருவரை மணந்த காரணத்தால், நம்மைப் போன்ற பூர்வகுடிகளை 'இந்தியர்' என்று அழைத்து 1876இல் பிறந்த அந்த இந்தியர் சட்டத்தின்படி அவள் இனிமேல் மோஹாக் பெண் அல்ல என்று அதில் இருந்தது. அதே சட்டம், 1979இல் நான் இந்த ஊர்ப் பையனை மணந்தபோது, அதுவரை அதன் கணக்கில் வெள்ளைக்காரியாக இருந்த என்னை ஒரே கையெழுத்தில் இந்தியப் பெண்ணாக்கிவிட்டது! அம்மா திருமணத்தால் இழந்ததை நான் திருமணத்தால் பெற்றேன். அந்தத் தகுதிக்கான அரசின் அட்டை எனக்கு வந்த அன்று அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் நன்றாக விழுந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவைப் போலவே திருமணத்தால் தகுதியை இழந்த நம் ஊர் மேரி டூ-ஆக்ஸ் எர்லி, அந்தச் சட்டத்தை மாற்றப் பல ஆண்டுகள் போராடி, 1985 ஜூலையில், தம் 73ஆம் வயதில், இழந்த தகுதியை முதல் ஆளாகத் திரும்பப் பெற்றார். அம்மா 1983இலேயே போய்விட்டாள்.

ஆனால் நம் முறையில் அவள் எதையும் இழக்கவே இல்லை என்பதுதான் கதையின் முடிச்சு. பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த நீண்ட இல்லம் பெண்ணுடையது; மணமகன்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்வான், பிள்ளைகள் தாயின் குலத்தில் சேர்வார்கள். அம்மா ஆமைக் குலம், ஆகவே நானும் ஆமை. என் மகன் வரைக்கும் அது வந்தது. அவன் மணந்தது மாண்ட்ரியல் பிரெஞ்சுப் பெண்ணை. பேத்திக்குத் தந்தை வழியில் அரசின் அட்டை இருக்கிறது. தாய் வழியில் குலம் இல்லை. அம்மாவுக்குக் குலம் இருந்தது, அட்டை இல்லை. எண்பது ஆண்டு இடைவெளியில் பிறந்த இந்த இருவரையும் ஒரே சமையலறையில் உட்கார வைக்க முடியாதா என்றுதான் எழுதத் தொடங்கினேன்.

இது புதிய சங்கடமும் அல்ல. 1861இல் கிராண்ட் ஆற்றங்கரையில் பிறந்த கவிஞர் பாலின் ஜான்சனுக்கும் தந்தை மோஹாக் தலைவர், தாய் ஆங்கிலேயர். அவர் மேடையில் பாதி நேரம் மான்தோல் உடையிலும் மீதி நேரம் மாலை விருந்து கவுனிலும் தோன்றிக் கவிதை படித்தார். கூட்டம் எந்த உடைக்காக வந்திருக்கும் என்று நீயே ஊகித்துக்கொள். என் கதையைப் படித்த நகரத்து இளைஞர் ஒருவர், பாட்டி ஜெபமாலை உருட்டுவது "உண்மையாக இல்லை" என்றார். அவர் எதிர்பார்த்தது மான்தோலை. நம் அம்மாக்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்க்கொண்டே குலத்தையும் விடாமல் வைத்திருந்தார்கள் என்பதை அவருக்கு நான் எங்கிருந்து விளக்குவது?

நீ சொன்ன இன்னொரு குறைக்கு வருகிறேன். பேத்தியிடம் பாட்டி பேசும் அந்த ஒரு பக்கம் பொய் என்றாய். ஆம், பொய்தான். நடந்தது வேறு. கோடையில் மோஹாக் மொழி வகுப்பில் ஆசிரியை குழந்தைகளிடம் குலம் கேட்டிருக்கிறார். நம் மொழியில் அந்தக் கேள்வியே "நீ எந்தக் களிமண்?" என்று கேட்பதுபோலத்தானே அமைந்திருக்கிறது. என் பேத்தி சட்டென்று "ஆமை" என்று சொல்லிவிட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்து, "டோடா, நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டாள்; பாட்டியை நாம் அப்படித்தானே கூப்பிடுவோம். அடுப்பில் மக்காச்சோளக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது; சாம்பல் நீரில் வேகவைத்துத் தோல் கழற்றிய வெள்ளை மக்காச்சோளம், பீன்ஸ், உப்பிட்ட பன்றி இறைச்சி, எல்லாம் அம்மாவின் அளவு. ஆம் என்றால் முறை தவறும், இல்லை என்றால் பிள்ளை உடைந்துபோவாள். "கையைக் கழுவிவிட்டு வா, ஆறிவிடும்" என்றேன். கதையில் அதையே எழுதி, அங்கேயே நிறுத்திவிட்டேன்.

மருமகள் ஒரு நாள், "உங்கள் குலத்தை இவளுக்கு நீங்கள் கொடுக்க முடியாதா?" என்று கேட்டாள். நான் கொடுப்பதற்கு அது என் நகை அல்ல. தத்து எடுக்கும் வழக்கம் உண்டு, ஆனால் அதற்குக் குலத்துக்குத் தலைமை தாங்கும் குலத் தாயிடம் போய்க் கேட்க வேண்டும். "வெளியே மணந்தால் வெளியே இரு" என்று சொல்லும் வாய்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. பனி விழுவதற்குள் போய்க் கேட்கலாம் என்று நினைக்கிறேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

உனக்கு ஒரு வேலை. குவீன்ஸ் பக்கம் போனால் அம்மாவின் கல்லறையைப் பார்த்துவிட்டு வா. கல்லில் அப்பாவின் குடும்பப் பெயருக்குக் கீழே ஏதாவது பொறிக்க இடம் இருக்கிறதா, எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. ஓர் ஆமைக்குப் பெரிய இடம் தேவைப்படாது.

என்றும் அன்புடன்,
உன் பழைய தெருக்காரி