ரேக்கின் பின்பக்கம்

தம்பிக்கு,

உன் மைக் செட்டை எடுத்து நீ அனுப்பிய நாலு போட்டோவும் வந்தது. முன்பக்கம் எடுத்த மூன்றும் பளபளவென்று இருக்கின்றன, அம்மா அதைத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டாள். நான் உட்கார்ந்து பார்த்தது நாலாவதை, ஆம்ப் அடுக்கிய ரேக்கின் பின்பக்கம் தெரிகிறதே, அது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதி வைத்தால் சூளகிரிக் கோவில் திருவிழாவில் பந்தலுக்குள் நிற்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே இருக்கிற ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயரின்) பிளக்கில் எர்த் பின் இல்லை. தானாக விழுந்ததில்லை, ஹேக்ஸா பிளேடு போட்டு அறுத்த மாதிரி மட்டமாக இருக்கிறது. உனக்கு விற்றவரோ, அவருக்கு முன்னால் வைத்திருந்தவரோ செய்த வேலை. ஏன் அறுத்தார்கள் என்றும் தெரியும், ஹம்முக்காக. மைக்கெல்லாம் வந்து சேருகிற மிக்சரைக் கோவில் பிளக்கிலும் ஆம்ப்பை ஜெனரேட்டர் லைனிலும் போட்டால் இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவில் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும், அது சிக்னல் கேபிளின் ஷீல்டு, அதாவது உள் ஒயரைச் சுற்றியிருக்கிற கம்பி உறை, வழியாக ஓடி ஸ்பீக்கர் பாக்ஸில் "ம்ம்ம்" என்று விடாமல் இரையும். எர்த்தைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே நின்றுவிடும். நம் தொழிலில் இதைப் பெரிய வித்தையாகச் சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், உனக்கும் ஓசூரில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

எர்த் இருந்தால், உள்ளே ஒரு ஒயர் உருகி பாடியில் பட்டதும் கரண்ட் மொத்தமாக எர்த்தில் பாய்ந்து எம்சிபி சுவிட்சைத் தட்டி லைனை வெட்டிவிடும். அது இல்லாவிட்டால் 230 வோல்ட்டும் பாடியிலேயே உட்கார்ந்திருக்கும். ஆம்ப் பாடியோடு நிற்காது. நீ வைத்திருக்கிற சின்ன மிக்சர் இரண்டு பின் அடாப்டரில் ஓடுவது, அதற்குத் தனி எர்த் கிடையாது. அதனால் ஷீல்டு வழியாக மிக்சர், அங்கிருந்து மைக் ஒயர், கடைசியில் மைக்கின் வலை வரைக்கும் கரண்ட் வந்து நிற்கும். கோவிலில் பாடுகிறவர் செருப்புப் போடமாட்டார். கூழ் ஊற்றிக் கழுவிவிட்ட ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று உதட்டுக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடிப்பார். இதற்கு மேல் நான் சொல்லவேண்டியதில்லை.

இன்றைக்கே அந்தப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நல்ல 16 ஆம்பியர் த்ரீபின் போடு. எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது சும்மா இல்லை, சொருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விடவேண்டும் என்பதற்காக. வெறும் ஒயரை ஓட்டையில் விட்டு தீக்குச்சி சொருகுகிற பழக்கம் உன் கூட்டாளிக்கு இருந்தால் அவனிடமும் இதைப் படித்துக் காட்டு.

ஹம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். மிக்சருக்கும் ஆம்ப்புக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடு. ஆம்ப் ரேக்கிலிருந்தே மூன்று கோர் கேபிள் ஒன்றை மல்டிகோர் என்கிற மைக் ஒயர்க் கட்டு கூடவே மிக்சர் மேஜை வரைக்கும் இழுத்துவிடு. பாதி ஹம் அதிலேயே போய்விடும். மிக்சரிலிருந்து ஆம்ப்புக்கு மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிள்தான் போகவேண்டும், மோனோ ஜாக்கை வெட்டி ஒட்டுப்போட்ட கேபிள் எல்லாம் வேண்டாம். அப்படியும் இரைந்தால் சிக்னல் லைனில் நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போடலாம், இல்லையென்றால் ஷீல்டை ஆம்ப் முனையில் மட்டும் கழற்றிவிடலாம். சிக்னல் கேபிளில் என்ன வேண்டுமானாலும் செய்து பார், கரண்ட் கேபிளின் எர்த்தில் மட்டும் கை வைக்காதே.

அடுத்து ஜெனரேட்டர். உண்மையில் எனக்கு ராத்திரி தூக்கம் வராதது இதை நினைத்துத்தான். ஆம்ப்பை நீ பார்த்துக்கொள்வாய், ஜெனரேட்டர் வண்டி வேறு ஒருத்தருடையது, சீரியல் லைட் போடுகிறவர் வேறு ஒருத்தர், அவரவர் வந்து அவரவர் ஒயரை முறுக்கிவிட்டுப் போவார்கள். த்ரீ ஃபேஸில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் 400 வோல்ட் பக்கம். நியூட்ரல் ஒயர் லூசாகிக் கழன்றுவிட்டால் அந்த 400 வோல்ட்டை மூன்று பக்கத்து லோடும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு அதிகமாக இருக்கிற பக்கம் லைட் மங்கும், லோடு குறைவாக இருக்கிற பக்கம் 300, 350 என்று ஏறிவிடும். பாட்டு நிற்கிற இடைவெளியில் உன் ஆம்ப்தான் குறைந்த லோடு.

ஒரு கல்யாண மண்டபத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். இபி போய் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது சேஞ்ச்ஓவர் சுவிட்சில் நியூட்ரல் சரியாகப் பிடிக்கவில்லை. முதலில் மேடை லைட் கண்ணைக் கூசுகிற மாதிரி பிரகாசமாக எரிந்தது. எல்லாரும் "ஆகா, கரண்ட் வந்துடுச்சு" என்று கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டல் அடங்குவதற்குள் சமையல்கட்டில் ஃபிரிட்ஜும், மேடைப் பக்கம் இரண்டு ஆம்ப்பும், மாப்பிள்ளை ரூம் ஏசியும் புகைந்துவிட்டன. லைட் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் சந்தோஷப்படாதே, உடனே மெயினை ஆஃப் செய்.

ஆகவே ஆம்ப்பைச் சொருகுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடு. டெஸ்டர் போதாது, அது ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஃபேஸ்–நியூட்ரல் 207-லிருந்து 253-க்குள் இருக்கவேண்டும், ஃபேஸ்–எர்த் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரல்–எர்த் ஒன்றிரண்டு வோல்ட். நியூட்ரல்–எர்த்தில் பத்து, இருபது, நாற்பது என்று காட்டினால் எங்கேயோ எர்த் இல்லை, அல்லது நியூட்ரல் போகப்போகிறது. யார் அவசரப்படுத்தினாலும் சொருகாதே. ஜெனரேட்டர் பக்கத்தில் எர்த் கம்பி மண்ணில் அடித்திருக்கிறதா, நியூட்ரல் அந்த எர்த்தோடு சேர்த்திருக்கிறதா என்று போய்ப் பார். சேர்க்காவிட்டால் கசிகிற கரண்டைப் பிடித்து லைனை வெட்டுவதற்காக நீ போட்டிருக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி தட்டவேண்டிய நேரத்தில் தட்டாது. ஜெனரேட்டர்காரர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள், "நாங்க எத்தனை ஃபங்ஷன் பார்த்திருக்கோம்" என்பார்கள். கேட்டுக்கொண்டு சிரித்துவிட்டு நியூட்ரல் ஒயர் முனையில் இருக்கிற லக்கை ஸ்பானர் போட்டு ஒரு முறுக்கு முறுக்கச் சொல். இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான்.

6 ஆம்பியர் பாயின்ட்டில் அடிச்சத்தம் கொடுக்கிற பேஸ் ஆம்ப்பைப் போடாதே. எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருளிலேயே வைத்து ஓட்டாதே, சுற்றிவைத்த கேபிள் சூடாகி உருகும். முழுதாகப் பிரித்துப் போடு.

ஆம்ப் இரண்டும் செகண்ட் ஹேண்ட், பழைய டிரான்ஸ்பார்மர் மாடல் என்கிறாய். நல்லதுதான், கனம் இருந்தாலும் நம் ஊர் கரண்டுக்குத் தாங்கும். ஆனால் நீ நேராகப் பாக்ஸை மாட்டிப் பாட்டுப் போட்டுப் பார்த்ததாக எழுதியிருந்தாய், அடுத்த தடவை வேறு ஆம்ப் வாங்கினால் அப்படிச் செய்யாதே. முதலில் சீரீஸ் பல்ப் வழியாக ஆன் செய். பழைய குண்டு பல்ப், 100 அல்லது 200 வாட், ஃபேஸ் லைனில் நடுவில். ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி, உள்ளே கெப்பாசிட்டர் நிரம்பியிருக்கிறது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், அப்படியே சர்வீஸுக்குக் கொடு. பல்ப் மங்கிய பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரடியாக ஆன் செய், பாக்ஸ் மாட்டாமல், சிக்னல் கொடுக்காமல், அவுட்புட்டில் மீட்டரை டிசியில் வைத்துப் பார். சில மில்லிவோல்ட் இருக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது என்று அர்த்தம், அதில் பாக்ஸை மாட்டினால் கோன் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்று காயில் கருகும். மூடியைத் திறந்து பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் இருக்கும்.

ரேக்கில் இரண்டு ஆம்ப்பும் முன்பக்கத்து நாலு ஸ்குரூவில் மட்டும் தொங்குகிறது. ஓசூர் ரோட்டில் இரண்டு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் ஸ்குரூ போட்ட அந்தக் காதுத் தகடு வளைந்துவிடும், பின்பக்கம் ஆங்கிள் கொடுத்துத் தாங்கு, கனமானதைக் கீழே வை. அப்புறம் காற்று. சில ஆம்ப் முன்னால் இழுத்துப் பின்னால் விடும், சில தலைகீழ். ஓடும்போது பின்னால் கையை வைத்துப் பார். இரண்டும் வேறு வேறு திசையில் ஊதினால் ஒரே ரேக்கில் வைக்காதே, ஒன்று விட்ட சூட்டை இன்னொன்று உறிஞ்சும். போட்டோவில் பின்பக்கம் பந்தல் துணி ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு முழமாவது தள்ளு. மழை வந்தால் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு ஓட்டுவதும் கூடாது. ஆஃப் செய், பிளக்கைப் பிடுங்கு, அப்புறம் மூடு. சூட்டில் டெம்ப் லைட் எரிந்து ஆம்ப் ஊமையாகிவிட்டால் பதறிப்போய் ஆஃப் செய்யாதே, ஆஃப் செய்தால் ஃபேனும் நின்றுவிடும். சிக்னலைக் குறைத்துவிட்டு விட்டுவிடு, ஆறினதும் தானாக வரும்.

லோடு கணக்கு உனக்குத் தெரியும், இருந்தாலும். 8 ஓம் பாக்ஸ் இரண்டு பேரலலில் 4 ஓம், நாலு என்றால் 2 ஓம். இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே பாக்ஸுக்குக் கொடுக்கிற பிரிட்ஜில் போட்டால் ஒவ்வொரு சேனலும் பாதியைத்தான் பார்க்கும், 4 ஓம் பாக்ஸைப் பிரிட்ஜில் மாட்டினால் ஆம்ப்புக்கு அது 2 ஓம். உன்னுடையது 4 ஓம் வரைக்கும்தான் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறது, பெரிதாக்கிப் படித்தேன். பேஸுக்கு 8 ஓம் பாக்ஸ் ஒன்றே ஒன்றுதான் பிரிட்ஜில். 8 ஓமில் 1000 வாட் கொடுக்கிற ஆம்ப் முழுதாக ஓடும்போது ஸ்பீக்கர் ஒயரில் 90 வோல்ட் பக்கம் இருக்கும், பிரிட்ஜில் அதற்கு இரண்டு மடங்கு. ஓடும்போது ஸ்பீக்கர் ஒயரின் ஸ்பீக்கான் பிளக்கைக் கழற்றி மாட்டாதே, டேப் சுற்றாத ஒட்டு எங்கேயும் வேண்டாம். ஒயரும் மெல்லியதாக இருக்கிறது. 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரை 30 மீட்டர் இழுத்து 4 ஓம் லோடு கொடுத்தால் ஆம்ப் கொடுக்கிறதில் ஆறில் ஒரு பங்கு ஒயரிலேயே போய்விடும். 2.5 போடு, ரேக்கைப் பாக்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோ.

ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில், ஒவ்வொன்றாக. ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில்.

இனி கமிட்டிக்காரர்கள். ஒன்பது மணி வாக்கில் ஒருத்தர் வந்து நிற்பார், "என்ன தம்பி, போன வருஷ செட்டு கேட்ட அளவு கேக்கலையே" என்பார். நீ ஏற்றுவாய், சிவப்பு கிளிப் லைட் எரியும். எப்போதாவது மின்னினால் பரவாயில்லை, நின்று எரிந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டு டாப் பாக்ஸின் டிரைவருக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அதன் டயாஃப்ரம் அப்பளம் மாதிரி, பொரிந்துவிடும். ஆம்ப் நாபைக் குறைத்தால் தப்பித்தோம் என்று நினைக்காதே. நாப் குறைப்பது உள்ளே வரும் சிக்னலைத்தான், மிக்சரில் இன்னும் ஏற்றினால் ஆம்ப் அதே முழு வாட்டையும் கொடுக்கும். சிக்னலை அளவு தாண்டாமல் பிடித்து நிறுத்துகிற லிமிட்டர் வை. வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பாக்ஸை இன்னும் கொஞ்சம் உயரத்தில் ஏற்றி ஜனங்கள் பக்கம் திருப்பினால் அந்த மனுஷருக்கு அதுவே போதும்.

பத்து மணிக்கு நிறுத்திவிடு. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லிருந்து காலை 6 வரைக்கும் கூடாது. திருவிழாவுக்கு 12 வரைக்கும் அரசு தளர்வு கொடுக்கலாம், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. அந்த அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று கமிட்டியிடம் கேள், வாய்வார்த்தை வேண்டாம். போலீஸ் வந்தால் எடுத்துக்கொண்டு போவது உன் ஆம்ப்பை, அவர்கள் நாற்காலியை இல்லை. உன் காதுக்கும் ஏதாவது அடைத்துக்கொள், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் கணக்கு என்பார்கள். எனக்கு இப்போது டிவி சத்தம் எவ்வளவு என்று அம்மாவைக் கேட்டுப் பார்.

கம்பமோ, பாக்ஸ் மாட்டுகிற டிரஸ் சட்டமோ நிறுத்தும்போது முதலில் தலையைத் தூக்கிப் பார். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உச்சி உயர்அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போனார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். மேலே லைன் போனால் அந்த இடமே வேண்டாம், பாக்ஸை நகர்த்திக்கொள்.

பரணில் என்னுடைய ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் டப்பா ஒன்று இருந்தது, எடுத்துத் துடைத்து ஜாக்கெல்லாம் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. கூட ஒரு சீரீஸ் போர்டும் செய்து வைத்திருக்கிறேன், பல்ப் மட்டும் நீ வாங்கிக்கொள். சனிக்கிழமை ராத்திரி ஓசூர் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், டிரைவர் நம்பரும் வண்டி நம்பரும் அனுப்புகிறேன், காலையில் நேரத்தோடு பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள். பிளக்கை மாற்றிவிட்டுப் பின்பக்கத்தை மறுபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, லைட் போட்டு எடு, போன தடவை பாதி இருட்டு.

அப்பா