பழைய பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார், சரசு

செந்தூல்,
கோலாலம்பூர்.

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். முட்டிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே, மல்லிகா சொல்லித்தான் தெரிந்தது. தினமும் விடியுமுன் ரோஜாப்பூ படம் அனுப்பத் தெரிகிறது, முட்டியைப் பற்றி ஒரு வரி எழுத வரவில்லையாக்கும் உனக்கு! அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது உன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது: பிறப்பே பதிவாகாத ஒருவருக்காகப் பழைய பள்ளிப் பதிவேட்டைத் தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சனிக்கிழமை இரவில் தெருவில் படுப்பவர்களுக்குச் சோறு கொடுக்க நான் எங்கே சுற்றுகிறேன் என்று உனக்குத் தெரியும். சமையல் இன்னும் கோயில் மண்டபத்துப் பின்கட்டில்தான். வேன் ஓட்டுகிறவர் அதே சீன அங்கிள். மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் தொடங்கி லெபோ அம்பாங், மேடான் பாசார், கோத்தா ராயா என்று ஒரு சுற்று வருவோம்.

முதலில் சாப்பாட்டு விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருக்கும். சனி ஞாயிறானால் ஒரே தெருவுக்கு நாலு கூட்டம் வருகிறது. ஒரு வேனில் பிரியாணி, ஒரு காரில் நாசி லெமாக், பிறந்தநாள் கொண்டாடும் குடும்பம் ஒன்று கேக்கோடு. நோன்பு மாதமும் தீபாவளி வாரமும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிரிக்காத பொட்டலங்கள் கடைகளின் முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் அடுக்கியபடி கிடந்து கடைசியில் எலிக்குப் போகின்றன. செவ்வாய்க்கிழமை காலையில் அதே இடத்துக்குப் போய்ப் பார், ஒரு வாய் காப்பி கொடுக்க ஆள் இருக்காது.

அதைவிட என்னால் தாங்க முடியாதது அந்த சிரப் பண்டுங், ரோஜா சிரப்பில் பால் கலந்த இனிப்புத் தண்ணீர். போன மாதம் ஒருவருக்கு விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 19 மில்லிமோல்! சாப்பிட்ட பிறகும் 8-ஐ ஒட்டி இருக்கவேண்டிய எண். அந்த நேரத்திலும் யாரோ கொடுத்த பண்டுங் பையை அவர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். தெருவில் படுக்கிற வயதானவர்களில் இனிப்பு நீர் நோய் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வேனில் இனி தண்ணீர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கியது. அப்புறம் அவர்களே ஒரு நல்ல யோசனையோடு வந்தார்கள். பல் இல்லாதவருக்குக் கோழித் தொடையை நீட்டினால் என்ன செய்வார், கஞ்சி காய்ச்சலாமே ஆன்ட்டி என்றார்கள். அவர்களில் ஒரு மலாய்ப் பெண் அவள் பாட்டியின் பூபோர் லம்போக் கஞ்சிப் பக்குவத்தைச் சொன்னாள். நான் அதில் வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்தேன். இப்போது அந்தக் கஞ்சிப் பானைதான் முதலில் காலியாகிறது. உனக்கு ஒரு நாள் காய்ச்சித் தருகிறேன், உப்பு போதாது என்று சொல்லாமல் குடிப்பாயா பார்க்கலாம்.

2014-இல் புக்கிட் பிந்தாங் லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் தெருவில் சோறு போடக்கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தாரே, அன்று நாம் இருவரும் போனில் எப்படிக் கத்தினோம்! ஊரே எதிர்த்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. அது போடவேண்டிய சண்டைதான். ஆனால் ஊர் அன்று போட்ட சண்டை சோற்றோடு நின்றுபோயிற்று என்பதுதான் இப்போது என் மனதை அரிக்கிறது.

பொட்டலத்தை நீட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார். சுற்றிச் சுற்றி ஐசியில், அந்த அடையாள அட்டையில்தான் வந்து நிற்பார்கள். ஐசி இல்லையென்றால் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதவருக்கு ஒழுங்கான வேலை கொடுக்க முதலாளி யோசிக்கிறார். கொடுத்தாலும் நாள்கூலி, இபிஎஃப் சேமநிதி கிடையாது. சமூகநல இலாகாவின் முதியோர் உதவிக்கும் ஐசிதான் முதல் கேள்வி. அரசாங்க கிளினிக்கில் நீயும் நானும் 1 ரிங்கிட் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்கிறோம், அவர்களிடம் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறார்கள்.

ஐசியைத் தொலைத்தவர்கள் பாடு பரவாயில்லை. தூங்கும்போது பையைத் திருடிவிடுகிறார்கள், ஐசியும் அதோடு போய்விடுகிறது. பதிவிலாகாவுக்கு அழைத்துப்போய்க் கட்டைவிரலை வைத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அபராதமோ கட்டணமோ கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மல்லிகா அனுப்புகிற பணத்தில் பாதி அதற்குத்தான் போகிறது. பிறந்ததே பதிவாகாதவர்களின் பாடுதான் பெரும்பாடு. நான் எழுத வந்தது அப்படி ஒருவரைப் பற்றி.

அவரை நாங்கள் கூலிம்காரர் என்போம். லெபோ அம்பாங்கில் ஒரு மூடிய கடையின் படியில் படுத்திருப்பார். கஞ்சி வாங்கிக்கொள்வார், பேசமாட்டார். ஒரு நாள் வலது காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். பையை அவிழ்த்ததும் அடித்த வாடையில் கூட நின்ற பையன் இரண்டடி பின்னால் போய்விட்டான். பெருவிரலுக்கு அடியில் ஒரு நாணயத்தைவிடப் பெரிய புண். விளிம்பு வெளுத்து ஊறிப்போய், நடுவில் மஞ்சளாகப் படிந்திருந்தது. சலைன் ஊற்றி, காஸை வைத்து அழுத்தித் துடைத்தேன். மனிதர் அசையவில்லை. வலிக்கிறதா என்றால், இல்லையே என்கிறார். நர்சாக வார்டிலேயே தலை நரைத்தவளுக்குக் கால் மரத்துப்போய்விட்டது என்று தெரிய அந்த ஒரு பதில் போதும், எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவரே வாயைத் திறந்தார். "நீங்க சுங்கை பட்டாணிப் பக்கமாம்மா? பேச்சு அப்படி இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம்தான் எல்லாம் வந்தது. கெடாவில் கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம். அம்மா பால்மரம் வெட்டினவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். பிரசவம் லயத்து வீட்டிலேயே ஆனது, மருத்துவச்சி பார்த்தாள், அதற்குப் பிறகு யாரும் போய்ப் பதியவில்லை. தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியபோது கோலாலம்பூருக்கு வந்து லாரியில் கெலிண்டானாக, ஓட்டுநருக்கு உதவியாளாக ஓடியிருக்கிறார். அப்புறம் வெகுகாலம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவினார், கடை மாடியிலேயே படுக்கை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் கடை மூடியது, திறக்கவே இல்லை. படுக்கையும் போயிற்று.

அந்தக் காலோடு ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கோபமாகவே கேட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாம். 1977-இல் வந்த ஆதரவற்றோர் சட்டம் இன்னும் இருக்கிறது, சரசு. தெருவில் கிடப்பவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, நல இல்லத்தில் 3 ஆண்டுவரை வைக்க அது இடம் கொடுக்கிறது. அந்த இல்லங்கள் இருக்கிற மெர்சிங், ஜெராந்துட் என்றாலே இவர்களுக்குக் கதி கலங்கும். ரெய்டு வேன் வெளிச்சம் தெரிந்தால் சந்தில் ஓடி ஒளிகிறவர், ஆஸ்பத்திரி கவுண்டரில் போய்ப் பெயர் கொடுப்பாரா?

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. கவுண்டரில் ஐசி கேட்டார்கள், இல்லை என்றதும் வெளிநாட்டவருக்கான முன்பணம் கேட்டார்கள். இந்த மண்ணில் பிறந்து, இந்த ஊர்க்காரன் சாப்பிட்ட தட்டைக் கழுவியே கை தேய்ந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "வாங்கம்மா போயிடலாம்" என்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வேன் அங்கிள்தான் ஒன்றும் பேசாமல் பணப்பையைத் திறந்தார். விரலை எடுத்துவிட்டார்கள், பாதம் தப்பியது. இப்போது மண்டபத்துப் பின்னறையில் இருக்கிறார், நான் போய்க் கட்டு மாற்றுகிறேன். வெண்டைக்காய் நறுக்கித் தருகிறார், சும்மா இருக்கச் சொன்னால் கேட்பதில்லை.

இனி கவனமாகப் படி. எங்களோடு வருகிற வழக்கறிஞர் பெண் ஒருத்தி அரசியலமைப்பை எடுத்துப் பார்த்துச் சொன்னாள். 31 ஆகஸ்ட் 1957 முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை இந்த நாட்டில் பிறந்தவர் குடிமகன், பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே இல்லை. அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால், பொதுவாக அந்தச் சமயத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்ததைக் காட்ட வேண்டும். இவருடைய அம்மாவிடம் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசிக்கான அட்டை, இருந்ததாம். அந்த அம்மாள் இறந்துபோய் எத்தனையோ காலமாகிறது, அந்த அட்டை எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆக, எந்த வருடம் பிறந்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவருக்குத் தேதி தெரியாது. தீபாவளிக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது வலி வந்ததாக அம்மா சொல்வாராம். 1969 மே மாதக் கலவரத்தின்போது பள்ளிக்கூடத்தைச் சாத்தியது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எந்த வகுப்பு என்று கேட்டால், இரண்டாம் வகுப்பு என்கிறார். மறுநாள் கேட்டால், ஒன்றாம் வகுப்போ என்னவோ என்கிறார். ஏழு வயதில்தானே ஒன்றாம் வகுப்பு, நீயே கணக்குப் போடு. இரண்டாம் வகுப்பு என்றால் 1961-இல் பிறந்தவர், பிறப்பை நிரூபித்துவிட்டால் குடிமகன்தான், வேறு பேச்சில்லை. ஒன்றாம் வகுப்பு என்றால் 1962. தீபாவளி அக்டோபர் பாதிக்கு முன்னால் வருவதில்லை, ஆகவே சில வாரங்களில் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிடுவார். ஒரு மனிதனுடைய வாழ்க்கை முழுவதும் இப்படி ஒரு வகுப்பில் தொங்குகிறதே என்று எனக்கு இரவில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

நீ ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக இருந்த பள்ளியில் சுற்றுப்புறத் தோட்டப் பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள் அல்லவா? அவற்றின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஸ்டோரில் இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன, கறையான் அரிக்கிறது, கேட்பாரில்லை என்று நீ என்னிடம் புலம்பியது ஞாபகம் இருக்கிறது. இவருடைய பள்ளியும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 1967 முதல் 1970 வரையிலான பக்கங்களைப் பார். பெயர் இருந்தால் பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் இருக்கும். தோட்டத்தில் பிள்ளைகளைத் தாமதமாகச் சேர்ப்பார்கள், வயதை உத்தேசமாக எழுதுவார்கள், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் காலத்து மையில் எழுதிய ஒரு வரி கிடைத்தால் பதிவிலாகா அதிகாரி முன்னால் வைக்க ஒன்று இருக்கும். போட்டோ எடுப்பதோடு விடாதே, இப்போதைய தலைமையாசிரியரிடம் சான்றளித்த நகல் கேள்.

இன்னொன்று. தோட்டம் போனாலும் அந்த மாரியம்மன் கோயில் செம்பனைக்கு நடுவில் இன்னும் நிற்கிறதாம், திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து கூடுகிறார்களாம். அவருடைய அம்மாவைத் தெரிந்த ஒரு கிழவி உயிரோடிருந்தாலும் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கிவிடலாம். உன் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கத்தில் தெரியாத ஆளா? வாய் ஓயாமல் பேசுகிறவருக்கு நல்ல வேலை கொடுக்கிறேன் என்று சொல்.

2011-இல் ஆவணம் இல்லாத இந்தியர்களைப் பதிய மைடஃப்தார் இயக்கம் நடந்தபோது நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து மனு நிரப்பிக் கொடுத்ததை நான் நினைத்துக்கொள்கிறேன். அப்போது இந்த மனிதர் இங்கே ஒரு கடையின் பின்பக்கம் மங்கு கழுவிக்கொண்டிருந்திருக்கிறார், அவர் காதுக்கு அந்தச் செய்தி போகவே இல்லை. எங்களுக்குச் சோறு கட்ட ஆள் நிறைய வருகிறார்கள், கடவுள் அவர்களை நன்றாக வைக்கட்டும். கூடவே போய்க் கவுண்டரில் நிற்கவும், பாரம் நிரப்பவும், வேறு ஊரில் ஒரு தாளைத் தேடவும்தான் ஆள் இல்லை. ஓய்வு பெற்ற கிராணிகள், ஆசிரியர்கள், நர்சுகள் நாம் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்! உன்னைப் போல் பத்துப் பேர் கிடைத்தால் நான் இந்த மஸ்ஜிட் ஜாமெக் தெருவையே ஒரு வழி பண்ணிவிடுவேன். பிள்ளை பெறுகிறாள் மருமகள் என்று சாக்குச் சொல்லாதே, அவளுக்கு இன்னும் மாதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அவருடைய பெயர், தகப்பனார் பெயர், அம்மா பெயர், தோட்டத்துப் பிரிவு எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அம்மா பெயரை இரண்டு விதமாகச் சொல்கிறார், இரண்டையும் பார். பள்ளி விடுமுறைக்கு மூடுவதற்குள் போய்விடு. உன் மாப்பிள்ளை காரில் போ, அந்த மோட்டாரில் ஏறாதே. போகிற நாளை முன்கூட்டியே சொன்னால் நானும் ரயிலேறி வந்துவிடுகிறேன், இரும்புப் பெட்டியை நீ தனியாகத் தூக்க வேண்டாம்.

அன்புடன்,
பத்மா