கிழக்கு ஜேர்மனிக் காலத்துப் பொம்மை என்று சொல்லிப் புதுப் பொம்மை அனுப்பியது தொடர்பாக

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
பழம்பொருள் இணைய விற்பனை நிறுவனம், பெர்லின்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

கடந்த மாதம் உங்கள் இணையக் கடையில் சண்ட்மென்ஷென் பொம்மை, அதாவது கிழக்கு ஜேர்மனியின் சிறுவர் தொலைக்காட்சியில் பிள்ளைகளை நித்திரையாக்க வரும் பாவையின் பொம்மை ஒன்றை 89 யூரோ கொடுத்து வாங்கினேன். கிழக்கு ஜேர்மனிக் காலத்து அசல், 1970களில் செய்தது என்று விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள். வந்தது அதுவல்ல. தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் பக்கத்தில் இருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

பொம்மையின் சட்டைக்குள் ஒரு சீட்டுத் தைத்திருக்கிறது. அதில் சி.இ. (CE) முத்திரை, அதாவது ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்பச் செய்தது என்று காட்டும் அடையாளம், இருக்கிறது. விளையாட்டுச் சாமான்களுக்கு அந்த முத்திரை வேண்டும் என்ற ஐரோப்பிய விதி நடைமுறைக்கு வந்தது 1990இல். தயாரிப்பாளரின் முகவரியில் தபால் குறியீடு ஐந்து இலக்கம். ஜேர்மனியில் ஐந்து இலக்கம் வந்தது 1993 ஜூலை 1ஆம் திகதி. அதற்கு முன் கிழக்கிலும் மேற்கிலும் நான்கு இலக்கம்தான். கடைசி வரியில் இணையத்தள முகவரியும் அச்சிட்டிருக்கிறது. 1970களில் செய்த பொம்மையில் இவை இருக்க வழியே இல்லை. படங்களை இணைத்துள்ளேன்.

இந்தப் பொம்மையை ஏன் தேடினேன் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 1984இல் நாங்கள் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தோம். மகளுக்கு நாலு வயது. முகாமில் ஒரே அறை, பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே பெர்லின் சுவர் இருந்தது, ஆனால் தொலைக்காட்சி அலைக்குச் சுவர் இல்லை. பின்னேரம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிழக்கின் சண்ட்மென்ஷென் எங்கள் அறைக்கும் வந்துவிடுவார். வெள்ளைத் தாடி, கூர்த் தொப்பி, தோளில் மணல் பை. ஒருநாள் பலூனில், ஒருநாள் ஹெலிகொப்டரில். மணலைத் தூவினால் பிள்ளைகளுக்கு நித்திரை. மேற்குத் தொலைக்காட்சியிலும் வேறொருவர் வந்தார், ஆனால் மகளுக்கு இவர்தான் 'மணலப்பு'. மொழி விளங்காத ஊரில் அவள் முதலில் விளங்கிக்கொண்டது அவரைத்தான். கிழக்கின் வண்ண முறையும் மேற்குப் பெட்டியின் முறையும் வேறு என்பதால் எங்களுக்கு அவர் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்தார். தொப்பி சிவப்பு என்று மகள் அறிந்தது சுவர் விழுந்த பிறகு, சந்தையில் பாவித்த பொம்மை ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தபோது. வீடு மாறும்போது அது தொலைந்துபோனது.

கெர்ஹார்ட் பேரென்ட் வடிவமைத்த அந்தப் பாவை 1959 நவம்பர் 22 அன்று முதன்முதலில் திரையில் வந்தது. 1978இல் கிழக்கு ஜேர்மனியின் விண்வெளி வீரர் சிக்மண்ட் யேன் விண்வெளிக்குப் போனபோது அதையும் கொண்டுபோனார். 1991 முடிவில் அதை ஒளிபரப்பிய கிழக்கின் தொலைக்காட்சி நிலையமே மூடப்பட்டும், பெற்றோர் விட்டுக்கொடுக்காததால் நிகழ்ச்சி நிலைத்தது. அந்தக் காலத்துச் சாமான் என்று நீங்கள் எழுதும்போது, எங்களைப் போன்றவர்கள் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காசு தருகிறோம். புதுப் பொம்மை வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் இதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பேன்.

மகளின் 45ஆவது பிறந்தநாளுக்குப் பொதியைத் திறக்காமலே கொடுத்தேன். சீட்டை முதலில் கண்டவள் அவள்தான். ஒன்றும் சொல்லாமல் சட்டைக்குள் மடித்து வைத்துவிட்டு, "நல்ல வடிவா இருக்கு அம்மா" என்றாள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது.

தொலைபேசியில் கதைத்த உங்கள் ஊழியர், "முகம் ஒன்றுதானே அம்மா" என்றார். பிறகு, 14 நாள் கடந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியாது என்றார். மனம் மாறித் திருப்பி அனுப்புவதற்குத்தான் அந்த 14 நாள். சொன்ன பொருளைத் தராமல் வேறொன்றைத் தந்ததற்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

89 யூரோவையும் திருப்பி அனுப்பும் தபால் செலவையும் இரண்டு கிழமைக்குள் என் கணக்குக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் நுகர்வோர் ஆலோசனை நிலையத்திடம் போவேன். அதே விளம்பரம் இன்று காலையும் மாறாமல் இருந்தது. 'அசல்' என்ற சொல்லை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உண்மையிலேயே அந்தக் காலத்துப் பொம்மை ஒன்று உங்கள் கைக்கு வந்தால் எனக்கு அறிவியுங்கள். தாடி உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை, அதே விலையைத் தருவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பெர்லின்.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, விளம்பரத்தின் படம், சீட்டின் படங்கள் மூன்று.